கண்ணைத் திறக்க மாட்டேன்

"மூடிக்கோங்கம்மா. நடுவுல திறந்து திறந்து பாத்தீங்கன்னா மருந்து வேலை செய்யாது, மறுபடி மொதல்லேருந்து விடணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளின் தாடையைத் தூக்கப் போய்விட்டாள். செண்பகவல்லி மூடிக்கொண்டாள். எரிந்தது. எரியட்டும். மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது, கண்ணில் விட்ட மருந்து நாக்குக்கு எப்படித்தான் வருகிறதோ, உடம்புக்குள்ளே எங்கெங்கே குழாய் போட்டு வைத்திருக்கிறானோ அந்தக் கடவுள், போட்ட குழாய்க்கெல்லாம் ஒரு படம் வரைந்து வைத்திருந்தால் புண்ணியமாகப் போகும், அவள் கம்பெனியிலும் அப்படி ஒரு படம் கேட்டு ரெண்டு வருஷமாகிறது, ஒரு பயல் வரைந்து தரவில்லை. மூடிய இருட்டுக்குள் வலது ஓரத்தில் பளிச்சென்று வெட்டியது. மின்னல். திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது, குளியலறை பல்புதான் கெட்டுவிட்டதென்று மாடிவீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பல்பை மாற்றவே செய்தாள் அந்தப் புத்திசாலி. செவ்வாய்க்கிழமை கருப்புப் புள்ளிகள், கண்ணுக்குள் மிளகுப்பொடியைத் தட்டிவிட்ட மாதிரி. கண்ணாடிக் கடைக்காரர் முகமே மாறிப்போய், "மைனஸ் ஒன்பது பவர்னா விழித்திரை மெல்லிசா இருக்கும்மா. கிழிஞ்சிருந்தா கண்ணு போயிரும். இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். அவர் சொன்ன இன்னைக்கு செவ்வாய். அன்றைக்கு மீட்டிங். புதன்கிழமை ஆபீஸ் இயந்திரம் படுத்துவிட்டதென்று ஒரு அலர்ட். இன்று வியாழன், மதியம் ரெண்டு நாற்பது, விழித்திரை டாக்டர் மூன்று மணிக்கு மேல் பெயர் கூப்பிடுவார், கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த சீட்டு பத்து நாள் கழித்துத்தான். இந்த பெஞ்சை விட்டு எழுந்திருப்பதாக இல்லை அவள். ஆபீஸ் பற்றி எரிந்தாலும் சரி. எழுந்திருப்பதாக இல்லை.

மடியில் போன் துடித்தது. ஒரு தடவை துடித்தால் யாரோ ஏதோ, மூன்று தடவை விட்டு விட்டுத் துடித்தால் அலர்ட். மூன்று. கை தன்பாட்டுக்குப் போனைத் தூக்கி மூஞ்சிக்கு நேரே பிடித்தது, இமை தன்பாட்டுக்குப் பிரியப் பார்த்தது, "ஏத்தா, தொறக்காதங்கிறேன்!" என்று பக்கத்திலிருந்து ஒரு அதட்டல். முத்துப்பேச்சி. அரைமணி நேரப் பழக்கம். உசிலம்பட்டிக்காரி, கண்ணில் மருந்தை வாங்கிக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கும் புருஷனுக்குத் துணைக்கு வந்தவள், அந்த நீள பெஞ்சில் கண் திறந்திருந்த ஒரே ஜீவன். "அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிக்கிறீங்களா? இங்கிலீஷ்ல இருக்கும்." "வாசிச்சாப் போச்சு. லாரி பார்சல் ஆபீஸ்ல பதினோரு வருசமா மூட்டை மூட்டையா ஊர்ப்பேரு வாசிக்கிறவ நானு. எழுத்துத் தெரியும், அர்த்தந்தான் கேக்கப்படாது." போன் கைமாறியது. செண்பகவல்லி விரலை நீட்ட அந்த அம்மா விரலைப் பிடித்து திரையில் அழுத்திப் பூட்டைத் திறந்தாள். "என்னு, ஓ, டி, ஈ. நோடு. ஏழு. அப்புறம் நாட் ரெடி. நோடு ஏழு நாட் ரெடியாம்த்தா. செவப்பா கெடக்கு. ரெண்டு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு." அடப் போ. இன்றைக்குத்தானா.

போகட்டும். நோடு ஏழு போனால் போகட்டும், என்ன குடி முழுகிவிட்டது. இதற்காகத்தானே இத்தனை பாடு பட்டது. கம்பெனி என்ன செய்கிறது என்றால், பள்ளிக்கூட வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று அம்மாமார்களுக்குப் போனில் சொல்கிறது, நாற்பது ஊர், எத்தனையோ ஆயிரம் அம்மாமார். அந்த வேலையைச் செய்கிற மென்பொருளையெல்லாம் சின்னச் சின்ன டப்பாவாகக் கட்டி, கன்டெய்னர் என்று பெயர் வைத்து, எங்கோ வாடகைக்கு எடுத்த பத்து இயந்திரங்களில் பரப்பி வைத்திருக்கிறது. நோடு என்பது அதில் ஒரு இயந்திரம். அதற்கு மேலே ஒரு கண்காணி, அதுவும் வாடகைக்கு விட்டவன் பொறுப்பு, பத்து விநாடிக்கு ஒருதரம் ஒவ்வொரு இயந்திரமும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அதற்குச் சேதி சொல்ல வேண்டும். நாற்பது விநாடி சத்தமில்லையா, சிவப்பு. ஐந்து நிமிஷம் சத்தமில்லையா, அதிலிருந்த டப்பாக்களை மற்ற இயந்திரங்களில் புதிதாகக் கட்டிவிடும். பத்து நிமிஷமாகியும் இல்லையா, அந்த இயந்திரத்தையே அழித்துவிட்டு அதே அச்சில் புதுசு ஒன்றை வார்த்து நிறுத்திவிடும். மனுஷக் கை படவே வேண்டாம். படவே கூடாது. பிப்ரவரியில் பட்டதே, இதே மாதிரி ஒன்று விழுந்தது, "சும்மா உக்காந்திருக்காதீங்க, ஏதாவது பண்ணுங்க" என்று மேனேஜர் டென்சிங் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டார், அந்த மூச்சின் சூட்டில் இவள் அவசரப்பட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு இயந்திரத்தைக் காலி செய்துவிட்டாள். ஒன்று போய் ரெண்டு. முக்கால் மணி நேரம் எல்லாம் படுத்துவிட்டது. அறிக்கையில் மனிதத் தவறு என்று எழுதி, எந்த மனிதர் என்றும் எழுதினார்கள். மூச்சு விட்ட மனிதர் பெயர் அதில் இல்லை. அன்றைக்குச் சபதம் போட்டாள், தானாகக் குணமாகிற புண்ணைச் சொறிவதில்லை என்று. மறுபடி வெட்டியது மின்னல். இது தானாகக் குணமாகாது. அந்த வித்தியாசம் தெரியாமல் மூன்று நாள் சும்மா இருந்துவிட்டாளே, எதைத் தொடக் கூடாதோ அதைத் தொட்டுக்கொண்டும், எதைக் கவனிக்க வேண்டுமோ அதைப் பல்பு என்று சொல்லிக்கொண்டும்.

நீளமாகத் துடித்தது. "டென்சிங்னு போட்டிருக்கு, எடுக்கவா?" என்றாள் முத்துப்பேச்சி, எடுத்தும் விட்டாள், காதில் வைத்தும் விட்டாள். "செண்பகா, எங்க இருக்கீங்க?" "லீவுல இருக்கேன் சார். கண்ணாஸ்பத்திரி." "தெரியும் தெரியும். நோடு ஏழு பாத்தீங்களா?" "பாக்கல. கண்ணுல மருந்து விட்டிருக்கு. கேட்டேன்." "மூணரைக்கு ஸ்கூல் விடுறாங்க. கிளையன்ட் லைன்ல இருக்கார். என்ன பண்றோம்னு கேக்குறார்." "எதுவும் பண்ணலன்னு சொல்லுங்க சார்." சொல்லிவிட்டு இவளுக்கே திக்கென்றது, பிறகு தித்தித்தது. "அப்படி எப்படிச் சொல்றது? லேப்டாப் கையில இருக்கா? அஞ்சு நிமிஷம் வெளிய போய்..." "லேப்டாப் இருக்கு. கண்ணு இல்ல. இன்னும் எட்டு நிமிஷத்துல அது தானா புதுசு கொண்டு வந்துரும். யாரும் கைய வைக்காதீங்க. இன்னைக்கு எனக்குப் பதிலா பேக்கப் ஆள் நீங்கதான், லிஸ்ட்ல உங்க பேரைத்தான் போட்டிருக்கீங்க." "அது சும்மா காலியா இருக்கக் கூடாதேன்னு போட்டது செண்பகா. நான் கமாண்ட் அடிச்சு ஆறு வருஷமாச்சு." "அப்ப ரொம்ப நல்லது சார். எதையும் அடிக்க மாட்டீங்க." வைத்துவிட்டாள், அதாவது வைக்கச் சொன்னாள். "வெளுத்து வாங்கிட்டியேத்தா!" என்றாள் முத்துப்பேச்சி. மேனேஜரிடம் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவள், கண் மூடியிருந்ததால் வந்த தைரியமோ என்னவோ, எதிராளி முகம் தெரியாவிட்டால் எவ்வளவு பேசலாம் போலிருக்கிறது. புருஷக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்து, "எந்த ஆபீஸு?" என்றார், முத்துப்பேச்சி "நீங்க சும்மாருங்க" என்றாள், அவர் சும்மா இருந்தார்.

எட்டு நிமிஷம். திறந்த கண்ணுக்கு எட்டு நிமிஷம் ஒன்றுமில்லை, மூடிய கண்ணுக்கு எட்டு நிமிஷம் ஒரு மதுரை–கோவில்பட்டி பஸ் பிரயாணம். பினாயில் வாசம், சக்கர நாற்காலி உருளுகிற சத்தம், யாரோ டோக்கன் நம்பருக்குச் சண்டை போடுகிறார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஆறாம் வகுப்புவரை அவள் ஒரு பஸ்ஸின் போர்டைக்கூட வாசித்ததில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள், கலரையும் ஹாரனையும் வைத்தே எட்டயபுரம் பஸ்ஸா விளாத்திகுளம் பஸ்ஸா என்று சொல்லிவிடுவாள். முதல் கண்ணாடி போட்ட அன்று போர்டில் எழுத்து இருந்தது. அவ்வளவு தூரத்தில் எழுத்து! சோடாபுட்டி என்றார்கள், போங்கடா என்று வாசித்துத் தள்ளினாள், கண்ணில் பட்டதையெல்லாம், வடை மடித்த காகிதம் முதற்கொண்டு. இந்த இரண்டு கண்ணை வைத்துத்தான் படித்தாள், இந்த இரண்டு கண்ணை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள், இரண்டில் ஒன்று ஒரு திரை மாதிரி கழன்று விழுந்துவிட்டால்? ஒரு கண்ணால் வாசிக்கலாம். வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கூட்டி? படிக்கட்டு? ஊசியில் நூல்? இடது கண்ணும் மைனஸ் ஒன்பதுதானே, அதற்கும் அதே மெல்லிசுத் திரைதானே, அதுவும் ஒருநாள் மின்னலைக் காட்டினால்? பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட பவர் செக்கப் என்றுதான் சொன்னாள். நோடு ஏழு விழுந்தால் எட்டு, ஒன்பது, பத்து இருக்கின்றன, அச்சில் வார்க்கப் புதுசு இருக்கிறது. கண்ணுக்கு எந்த அச்சு? "ஏத்தா, வந்துருச்சு!" முத்துப்பேச்சி தொடையில் தட்டினாள். "ரிப்பேரிங்னு ஒண்ணு வந்துச்சு. இப்ப பச்சையா ஒண்ணு, நோடு பதினொண்ணு, ரெடி. ரெண்டு அம்பத்தஞ்சு."

அப்படிப் போடு! எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் ஓடவில்லை, ஒருத்தர் தோளுக்குப் பின்னால் ஒருத்தர் மூச்சு விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அது பாட்டுக்கு விழுந்தது, அது பாட்டுக்கு எழுந்தது. பாருங்கள் டென்சிங் சார். பார்த்துக்கொண்டே இருங்கள். "என்னத்தா இவ்வளவு சிரிப்பு? அப்படி என்னதான் வந்துச்சு?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி, கேட்டவளுக்குச் சொல்லாமல் இருப்பது அநியாயம், "உங்க பார்சல் ஆபீஸ்ல ஒரு லாரி நடுவழியில நின்னுபோச்சுன்னு வைங்கக்கா. யாரும் போன் போட்டுச் சொல்லாமயே அதுல இருந்த மூட்டையெல்லாம் மத்த லாரிக்கு மாறி, நின்னுபோன லாரிக்குப் பதிலா புது லாரியும் வந்து நின்னா எப்படி இருக்கும்? அதான்." "நல்லாத்தான் இருக்கும். ஆனா எல்லா மூட்டையும் மாறாதேத்தா." "ஏன் மாறாது?" "சில மூட்டையில சீட்டு ஒட்டியிருப்பாக, இன்ன வண்டியிலதான் ஏத்தணும்னு. வேண்டப்பட்ட டிரைவரா இருப்பான், ஒடையாமக் கொண்டுபோவான்னு. அந்த வண்டி படுத்துச்சுன்னா அந்த மூட்டை மட்டும் ஷெட்டுலயே கெடக்கும். நாங்களும் தொட மாட்டோம். போன தீபாவளிக்கு ஒரு குக்கர் மூணு வாரம் கெடந்துச்சு." செண்பகவல்லியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

சீட்டு. ஐயோ, சீட்டு. அவளேதான் ஒட்டினாள், இந்தக் கையால், ஆகஸ்ட் மாதம். வேன் வருகிறது என்ற சேதி பத்து நிமிஷம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது, சேதி அனுப்புகிற டப்பா மற்றதுகளோடு நெருக்கியடித்துத் திணறுகிறது என்று கண்டுபிடித்தாள், நோடு ஏழில் கையாலேயே ஒரு அடையாளச் சீட்டை ஒட்டினாள், இந்தச் சீட்டு உள்ள இயந்திரத்தில் மட்டும்தான் நீ உட்கார வேண்டும் என்று அந்த டப்பாவுக்கு இரண்டு வரி எழுதினாள். சேதி பறந்தது. டென்சிங் கைதட்டினார், "செண்பகாவாலதான் முடியும்" என்றார், இவளும் வெட்கப்படுகிற மாதிரி வெட்கப்பட்டாள். நாளைக்கு இதை அச்சிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டினாள். அந்த நாளை இன்னும் வரவில்லை. அச்சில் இல்லாதது வார்த்த இயந்திரத்தில் எப்படி வரும்? நோடு பதினொன்று பளபளவென்று பச்சையாக நிற்கும், சீட்டு இருக்காது, மற்ற டப்பாவெல்லாம் ஓடும், சேதி அனுப்புகிற ஒன்று மட்டும் ஷெட்டில் கிடக்கும், குக்கர் மாதிரி, கண்காணியும் தொடாது, ஏனென்றால் தொடாதே என்று எழுதிவைத்தது இவள். மூணரைக்கு வேன் கிளம்பும், எந்த அம்மாவுக்கும் சேதி போகாது, யூ.கே.ஜி. பிள்ளைகள் தெருமுனையில் இறங்கி நிற்கும். திற. கண்ணைத் திற, லேப்டாப்பை எடு, எழுத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பெரிசாக்கு, ரெண்டு நிமிஷ வேலை. இமை துடித்தது. திறந்தால் மருந்து மறுபடி முதலிலிருந்து, சீட்டு பத்து நாள் கழித்து, அதற்குள் திரை விழுந்துவிடும். என்ன ஒரு அநியாயம், நான் இல்லாவிட்டாலும் நடக்கும்படி ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் ஒரு மூலையில் நான்தான் வேண்டும் என்று நானே சொருகி வைத்திருக்கிறேன். சொருகியது சோம்பேறித்தனமா, இல்லை அந்தக் கைதட்டலா? கைதட்டல்தான். இவளால்தான் முடியும் என்கிற சீட்டைத் தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு, ஒட்டியவர் டென்சிங் என்று இத்தனை நாள் அவர்மேல் எரிச்சல் பட்டாள். சரி. கிழித்துவிட வேண்டியதுதான். ஆனால் கண்ணைத் திறந்து கிழிக்க மாட்டாள்.

"அக்கா, அந்த டென்சிங்குக்குப் போடுங்க." மணி மூன்று ஐந்து. "சார், தப்பு என்னோடது. ஆகஸ்ட்ல கையால ஒண்ணு ஒட்டிட்டேன், சேதி அனுப்புற டப்பா அதனால ஏறாம நிக்கும். பாருங்க." "ஆமா, பெண்டிங்னு காட்டுது! நீங்க சொல்லவே இல்லையே!" "சொல்லல. அறிக்கையில எழுதுங்க, நானே எழுதித் தரேன். இப்ப கீபோர்டுல கைய வைங்க." "நானா?" "பின்ன கிளையன்ட்டா?" "செண்பகா, ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து நீங்களே..." "திறக்க மாட்டேன் சார்." சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, டோக்கனுக்குச் சண்டை போட்டவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். "என் கண்ணு கிழிஞ்சிருக்கலாம். நாலு நாளா மின்னல் வெட்டுது. போயிருமோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லல, இப்ப சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க." அந்தப் பக்கம் டென்சிங் மூச்சு விட்டார், இந்தத் தடவை அது வேறு மூச்சாக இருந்தது. "சொல்லுங்க." சொன்னாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள், பஸ் போர்டு வாசிக்கிற மாதிரி மூடிய கண்ணுக்குள் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. "புது நோடுல அந்தச் சீட்டையே ஒட்டிட்டா போதும்ல? ஒரே வரிதானே?" என்றார், பழைய கை இன்னும் முழுசாகச் செத்துவிடவில்லை. "வேண்டாம். அது அடுத்த தடவையும் என் தலையிலதான் வந்து விடியும். அந்த டப்பாவோட ஃபைலைத் திறந்து ரெண்டு வரியையும் அழிங்க. எங்க வேணா உக்காரட்டும்." "இடம் நெருக்கடி ஆகாதா?" "இப்ப பத்து நோடு இருக்கு சார், அப்ப ஏழுதான்." தடதடவென்று கீபோர்டு. "அழிச்சாச்சு. இப்ப இதைச் சேவ் பண்ணி வெளிய வர்றது எப்படி? எதை அமுக்கினாலும் எழுத்தா விழுது!" "எஸ்கேப் அமுக்குங்க, அப்புறம் முக்காப்புள்ளி..." "செண்பகவல்லி! வலது கண்ணு, செண்பகவல்லி!" நர்ஸின் குரல். "...முக்காப்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்டர். என் பேரு கூப்பிட்டாச்சு சார்." "இருங்க இருங்க, என்னமோ எர்ரர் காட்டுது, ஒரு நிமிஷம் லைன்ல..." "உங்களால முடியும் சார்" என்றாள் செண்பகவல்லி. கேலியாகத்தான் சொல்ல நினைத்தாள், நிஜமாகவே வந்துவிட்டது. போனை முத்துப்பேச்சி இருந்த திசையில் நீட்டிவிட்டு, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இருட்டறை. விரிந்த கண்ணுக்குள் டாக்டரம்மாவின் விளக்கு சுள்ளென்று இறங்கியது, மேலே பாருங்க, கீழே பாருங்க, மூக்கைப் பாருங்க, தோளைப் பாருங்க. ஒரு மூலைக்கு வந்ததும் விளக்கு அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. "எத்தனை நாளா மின்னல்?" "நாலு நாளா." "மேல ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கும்மா. திரை இன்னும் பிரியல. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன். ஏம்மா நாலு நாளு? வேலைக்குப் போற எடத்துல விடலையா?" ஆமாம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, நாலு நாளாகத் தயாராக இருந்த பதில் அது. ஆனால் செவ்வாய்க்கிழமை டென்சிங் கேட்டது, வர முடியுமா என்றுதான். முடியும் என்று சொன்னது யார்? "யாரும் தடுக்கல டாக்டர். நான் இல்லாட்டி நடக்காதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்." டாக்டரம்மா சீட்டில் எதையோ கிறுக்குகிற சத்தம் கேட்டது. "இப்பவே லேசர் போட்டு அடைச்சிரலாம். இருபது நிமிஷம். தலைய அசைக்கக் கூடாது." கதவு கிறீச்சிட்டது. "ஏத்தா!" முத்துப்பேச்சியேதான், பின்னாலேயே நர்ஸ், உள்ள வரக்கூடாது, உள்ள வரக்கூடாது என்று. "அந்தச் சாரு டப்பா ஏறிருச்சு, ஓடுது ஓடுதுன்னு கத்துறாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. இன்னும் ஏதோ உங்கிட்ட கேக்கணுமாம், லைன்லயே நிக்கிறாரு. என்ன சொல்ல?" செண்பகவல்லி தாடையை இயந்திரத்தின் மேல் அழுத்தி வைத்தாள். தலையை அசைக்காமல் சொன்னாள். "நான் லீவுல இருக்கேன்னு சொல்லுங்கக்கா."